கோழி பத்து நாளாகக் குறுகி நிற்கிறது, கொண்டை வெளுத்துவிட்டது. என்ன நோய் என்று தெரியவில்லை

#1 | ரோஸ்வீட்டுக்காரி | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், மேலே மொட்டை மாடி எங்கள் புழக்கத்துக்குத்தான். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கோழி, பெயர் ரோஸ். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் சாயம் முக்கி விற்பார்களே, அந்த 10 ரூபாய்க் குஞ்சு. பையன் அழுது அடம்பிடித்ததால் பச்சையில் ஒன்றும் ரோஸில் ஒன்றும் வாங்கினோம். பச்சை மூன்றாம் நாளே போய்விட்டது. இது மட்டும் சாயம் உதிர்ந்து வெள்ளைவெளேரென்று வளர்ந்து, போன கார்த்திகையிலிருந்து வாரத்துக்கு 5, 6 முட்டை வைத்துக்கொண்டிருந்தது.

இப்போது பத்து நாளாக ஆளே மாறிவிட்டது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறக்கிறது. தீனியில் பாதிதான் எடுக்கிறது. செம்பருத்திப் பூ மாதிரி இருந்த கொண்டை வெளுத்து ஒரு பக்கமாகத் தொங்குகிறது. போன வாரம் முழுக்க ஒரே முட்டை, அதிலும் ஓட்டின் மேல் மிளகாய் விதை அளவுக்குக் கருஞ்சிவப்பாக நாலைந்து பொட்டு. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கிறது. சாயந்திரம் ஆனால் இன்னொரு அடம் வேறு: பெட்டிக்குள் போகாமல் தண்ணீர்த் தொட்டிக் குழாய் மேல் ஏறி நிற்கிறது, தூக்கித்தான் உள்ளே விட வேண்டியிருக்கிறது. தடுப்பூசி எதுவும் போட்டதில்லை, போட வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

பையன் மூன்றாம் வகுப்பு. தினமும் சாயந்திரம் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுவான். ஏதாவது செய்யுங்கள்.

#2 | குழம்புராசா | ஞாயிறு இரவு 9.52

சீக்கிரம் முடிவெடுங்கள் மேடம், இன்னும் எடை குறைந்தால் குழம்புக்கும் ஆகாது.

#3 | கொங்குச்சேவல் | ஞாயிறு இரவு 10.05

ராசா, சும்மா இருங்க, சின்னப் பையன் வளர்க்கிற கோழிங்க.

அக்கா, பச்சையும் வெள்ளையுமாக எச்சம், தூங்கி வழிகிறது, தடுப்பூசியும் இல்லை என்றால் வெள்ளைக்கழிச்சல்தான். எங்கள் தோட்டத்தில் மூன்று வருடம் முன்னால் 40 கோழியில் 6 தான் மிஞ்சியது. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி எல்லாம் அரைத்துச் சின்னச் சின்ன உருண்டையாக்கி வாயில் போடுங்கள். மூன்று நாள் காலையும் சாயந்திரமும். உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள், மற்ற கோழிக்குப் பரவும்.

#4 | தஞ்சை_ஆத்தா | ஞாயிறு இரவு 10.20

கண்ணு, அது அடைக்கு வந்திருக்கும். அடைக்கோழிதான் இப்படிச் சிலிர்த்துக்கிட்டுத் தீனி எடுக்காம உட்கார்ந்திருக்கும், முட்டையும் நின்னுபோகும், கொண்டையும் வெளுக்கும். வயித்தைப் பச்சைத் தண்ணியில ரெண்டு முக்கு முக்கி, காத்தாட ஒரு கூடையைப் போட்டுக் கவுத்து வையி. நாலு நாள்ல தெளிஞ்சிரும்.

#5 | நாமக்கல்லார் | ஞாயிறு இரவு 11.10

லேயர் (முட்டைக்கோழி) பண்ணையில் 27 வருடம் சூப்பர்வைசராக இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அது பெட்டையாக வளர்ந்ததே அதிசயம். அந்தக் கலர் குஞ்சுகள் முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகத்தில் ஆண் என்று ஒதுக்கியவை. முட்டையும் போடாது, கறியும் ஏறாது என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதைத்தான் வாங்கிச் சாயம் முக்குகிறார்கள். பிரிக்கிற ஆள் எப்போதாவது கை தவறினால் ஒரு பெட்டை உள்ளே வந்துவிடும். ஆக உங்களிடம் இருப்பது பண்ணை வெள்ளை லெகார்ன் வகை. ஆத்தா கோபித்துக்கொள்ளக் கூடாது, நாட்டுக்கோழி அடைக்கு வருகிற மாதிரி இது வராது. அடை உட்காருகிற குணத்தையே இதன் பரம்பரையில் கழித்துக் கட்டிவிட்டார்கள். அதோடு அடைக்கோழி பெட்டியை விட்டு எழுந்திருக்காது, இதுவோ பெட்டிக்குள்ளேயே போகவில்லை என்கிறார்.

கொங்குத் தம்பி, வெள்ளைக்கழிச்சல் வந்த கோழி பத்து நாள் நம்மை உட்கார்ந்து யோசிக்க விடாது. வேகமான வகை தாக்கினால் நாலைந்து நாளில் கதை முடிந்துவிடும். தப்பித்தால் கழுத்து திருகும், இறக்கை தொங்கும், கால் இழுக்கும். தவிர, பக்கத்தில் வேறு கோழியே இல்லாத மாடி. எச்சத்தில் வெள்ளை தெரிந்தாலே வெள்ளைக்கழிச்சல் என்பது எல்லோரும் செய்கிற தப்பு. கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது, எச்சத்தின் தலையில் சுண்ணாம்பு மாதிரி உட்காருவதுதான் அது. பச்சை என்பது, தீனி உள்ளே போகாததால் பித்தநீர் சும்மா இறங்குவது. பட்டினி கிடக்கிற எந்தக் கோழியும் பச்சையாகத்தான் போகும்.

நோய்க்குப் பெயர் வைக்கும் முன் கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள் அம்மா. நாளை விடியற்காலை, தீனி வைக்கும் முன், கழுத்துக்குக் கீழே நெஞ்சுக்கு வலப்பக்கம் இரைப்பையைத் தொடுங்கள். காலியாக இருக்க வேண்டும். களிமண் உருண்டை மாதிரி இருந்தால் அடைப்பு, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி இருந்து வாயில் புளித்த வாடை அடித்தால் அது வேறு கதை. அப்புறம் மார்பெலும்பு, பாதத்தின் அடி, வால் பக்கம், எடை. எல்லாம் எழுதுங்கள்.

#6 | பேச்சிப்பாறைக்காரன் | திங்கள் காலை 6.15

முட்டை அடைப்பாகவும் இருக்கலாம். பெங்குவின் மாதிரி நெட்டாக நின்று வாலை மேலும் கீழும் ஆட்டி முக்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு வரை 20 நிமிடம் உட்கார வைக்க வேண்டும். உள்ளே முட்டை தட்டுப்பட்டால் அழுத்தி உடைத்துவிடாதீர்கள், எங்கள் வீட்டில் உடைத்துத்தான் ஒன்றை இழந்தோம்.

#7 | ரோஸ்வீட்டுக்காரி | திங்கள் காலை 8.30

விடியற்காலை 5.45க்கு டார்ச்சோடு மாடிக்குப் போனேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரைப்பை காலி, மெத்தென்று ஒட்டிக் கிடந்தது. வாயில் வாடை இல்லை. மார்பெலும்பு கத்தி மாதிரி துருத்துகிறது. பாதத்தில் புண்ணோ கறுப்பு ஆணியோ இல்லை. வால் ஆட்டவில்லை, முக்கவில்லை. வயிற்றில் வீக்கமோ தண்ணீர் கட்டிய மாதிரியோ எதுவும் தெரியவில்லை. எடை பார்க்க நான் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறி நின்றேன்: 1.2 கிலோ வருகிறது. மூக்கு ஒழுகல், தும்மல் இல்லை. கழுத்து நேராகத்தான் இருக்கிறது.

கொங்குச்சேவல் சொன்னபடி தனியாக வைக்கலாம் என்று கீழே குளியலறையில் ஒரு அட்டைப்பெட்டி போட்டு வைத்திருக்கிறேன். உருண்டையும் ஆரம்பித்துவிட்டேன். மிளகு தொண்டையில் பட்டு என்னை முறைக்கிறது.

#8 | நாமக்கல்லார் | திங்கள் காலை 9.05

லெகார்ன் பெட்டை 1.5 கிலோவுக்குக் குறையக் கூடாது. எடை போயிருக்கிறது, கொண்டை வெளுத்திருக்கிறது, காய்ச்சல் மூச்சிரைப்பு இல்லை. எனக்கு இது ரத்தம் குறைவது மாதிரிப் படுகிறது. இரண்டு வழிதான்: உள்ளே குடற்புழு, இல்லையென்றால் வெளியே பேன், செள்ளு (ரத்தம் குடிக்கிற பொடிப் பூச்சி). பகல் வெளிச்சத்தில் எச்ச வாய்ப் பக்கம், இறக்கைக்கு அடியில் இறகை விலக்கிப் பாருங்கள்.

#9 | கால்நடை_நாலாமாண்டு | திங்கள் மதியம் 1.20

ஐயா சொன்னதோடு சேர்த்து: கீழ் இமையை விரலால் லேசாக இறக்கி உள்பக்கம் பாருங்கள், வாய்க்குள்ளும் பாருங்கள். வெள்ளைத் தாள் மாதிரி இருந்தால் ரத்தசோகைதான். புதிய எச்சத்தை ஒரு மூடி போட்ட டப்பாவில் எடுத்துக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்தால் நுண்ணோக்கியில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு பூச்சி மருந்து கொடுக்க வேண்டாம், 1.2 கிலோவில் இருக்கிற கோழிக்கு அளவு தப்பினால் கஷ்டம்.

நான் இன்னும் டாக்டர் இல்லை, நாலாம் வருடம்தான் படிக்கிறேன். அதனால் நேரில் பார்க்கிறவர் சொல்வதுதான் முடிவு.

#10 | ரோஸ்வீட்டுக்காரி | திங்கள் இரவு 8.45

இமைக்குள் வெளிர். வாயும் அப்படியே. மாடி வெயிலில் முழுக்க இறகைப் பிரித்துப் பார்த்தேன், பையன் பூதக்கண்ணாடியோடு உதவினான். பேன் ஒன்றுகூட இல்லை, இறகின் அடியில் ஈர் மாதிரியும் எதுவும் இல்லை. சுத்தமாக இருக்கிறது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போனால், "ஒத்தைக் கோழிக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று ஒருவர் சிரித்தார். ஆனாலும் எச்சத்தை வாங்கிப் பார்த்தார்கள். புழு முட்டை இல்லை. சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள்.

#11 | கொங்குச்சேவல் | திங்கள் இரவு 9.30

அப்போ பேனும் இல்லை புழுவும் இல்லை. நான் சொன்னதையே தொடருங்கள் அக்கா.

#12 | ரோஸ்வீட்டுக்காரி | புதன் காலை 9.15

நல்ல செய்தி! இரண்டு ராத்திரி குளியலறையில் இருந்தது. இன்று காலை கதவைத் திறந்ததும் என் நைட்டி ஓரத்தைக் கொத்தியது. தயிர்ச் சாதம் ஒரு கிண்ணம் காலி. எச்சமும் பச்சை குறைந்து பழுப்பாகிவிட்டது. கொங்குச்சேவல் அண்ணா, உங்கள் உருண்டை வேலை செய்துவிட்டது. இன்று ராத்திரி மாடிப் பெட்டிக்கே அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன், குளியலறையை நாலு பேர் பங்குபோட முடியவில்லை.

#13 | கொங்குச்சேவல் | புதன் காலை 9.40

எங்க ஆயா மருந்துங்க அது. தப்பவே தப்பாது.

#14 | ரோஸ்வீட்டுக்காரி | சனி இரவு 7.50

மறுபடியும் அதே நிலை. புதன் ராத்திரி மாடிக்கு விட்டேன், வெள்ளிக்கிழமையே சிலிர்த்துக்கொண்டது. இன்று நிற்கும்போது கால் மடங்குகிறது. உருண்டையை ஒரு வேளைகூட நிறுத்தவில்லை, டானிக்கும் கொடுக்கிறேன். எடை 1.15. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோழிக்காக அழுதேன். பையனுக்கும் கை முழுக்க வேர்க்குரு, ராத்திரியெல்லாம் சொறிந்து தூங்காமல் படுத்துகிறான், வீடே சரியில்லை.

#15 | கால்நடை_நாலாமாண்டு | சனி இரவு 8.02

அக்கா, அவசரமாக மூன்று கேள்வி. வேர்க்குரு உடம்பில் வேறு எங்காவது இருக்கிறதா, இல்லை கையில் மட்டும்தானா? கோழி படுக்கிற பெட்டி மரமா? மாடியில் புறா இருக்கிறதா?

#16 | ரோஸ்வீட்டுக்காரி | சனி இரவு 8.10

முன்னங்கையிலும் கழுத்தோரத்திலும் மட்டும். பெட்டி மரம்தான், பழைய ஆப்பிள் பெட்டிப் பலகையில் தச்சர் அடித்துக் கொடுத்தது. புறா... இருந்தது. பெட்டிக்கு நேர் மேலே சன்ஷேடில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது, குஞ்சுகள் பறந்து போய் மூன்று வாரம் இருக்கும். ஏன்?

#17 | நாமக்கல்லார் | சனி இரவு 8.14

அடடா. அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டும். கூண்டுப் பண்ணையிலேயே கிடந்து மரப்பெட்டியை மறந்துபோனேன். பாப்பா, நீயே சொல்லிவிடு.

#18 | கால்நடை_நாலாமாண்டு | சனி இரவு 8.40

கோழியிடம் பார்த்தாயிற்று, கோழியின் வீட்டைப் பார்க்கவில்லை.

பேன் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று கோஷ்டி இருக்கிறது. வைக்கோல் நிறத்தில் இறகுக்குள் ஓடுகிற நிஜப் பேன் கோழி மேலேயே வாழும், இறகின் அடியில் கொத்துக் கொத்தாக முட்டை வைக்கும். இன்னொரு செள்ளும் கோழி மேலேயே இருக்கும், எச்ச வாயைச் சுற்றி இறகெல்லாம் கறுத்து அழுக்காகத் தெரியும். இந்த இரண்டும் இருந்திருந்தால் பகலில் நீங்கள் பார்த்தபோதே மாட்டியிருக்கும். மூன்றாவது சிவப்புச் செள். பகலில் கோழி மேல் ஒன்றுகூட இருக்காது. பலகை இடுக்கு, ஆணி ஓட்டை, வைக்கோலுக்கு அடி என்று ஒளிந்துகொண்டு, இருட்டிய பிறகு வெளியே வந்து ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். பசியோடு இருந்தால் சாம்பல் நிறம், குடித்தால்தான் சிவப்பு.

இப்போது நீங்கள் எழுதியதையே திரும்பப் படியுங்கள். சாயந்திரம் பெட்டிக்குள் போக மாட்டேன் என்பது பிடிவாதம் இல்லை, அதற்குத் தெரியும் உள்ளே என்ன இருக்கிறது என்று. குளியலறையில் இரண்டு ராத்திரி தூங்கியதும் தெளிந்தது, பெட்டிக்குப் போனதும் விழுந்தது. சாயந்திரம் அதை மடியில் வைத்திருக்கிற தம்பிக்குக் கையிலும் கழுத்திலும் மட்டும் தடிப்பு. முட்டை ஓட்டில் இருந்த பொட்டு, முட்டைக்கு அடியில் நசுங்கிய செள்ளாக இருக்கலாம். புறாக்குஞ்சு போனதும் கூட்டில் இருந்ததெல்லாம் பட்டினி, கீழே ஒரே ஒரு கோழி.

இன்று ராத்திரி 10 மணிக்கு மேல் விளக்குப் போடாமல் போய், பெட்டிக்குள் நிற்கிற கட்டையின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, அப்புறம் டார்ச் அடித்துத் துணியைப் பாருங்கள். ஆனால் கோழியை இப்போதே கீழே கொண்டுவந்துவிடுங்கள், அதை வைத்துச் சோதனை வேண்டாம்.

#19 | ரோஸ்வீட்டுக்காரி | சனி இரவு 11.25

கை நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

துணியில் ரத்தக் கோடு. டார்ச் அடித்ததும் கட்டையின் அடியில் கேழ்வரகைக் கொட்டியது மாதிரி ஒரே சிவப்பு, அத்தனையும் நகர்கிறது. பலகை இரண்டும் சேருகிற இடத்தில் கடுகும் சாம்பலும் கலந்த மாதிரி ஏதோ அப்பிக் கிடந்ததை நான் இத்தனை நாள் தூசி என்று நினைத்திருந்தேன். இவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "இதுக்குள்ளயாடி தினம் ராத்திரி அதைத் தூக்கிப் போட்டோம்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு சாயந்திரமும் அது குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நான்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து உள்ளே விட்டேன்.

#20 | தஞ்சை_ஆத்தா | ஞாயிறு காலை 5.30

அழாத தாயி. செள்ளு புடிச்ச கொட்டகையில கோழி அடையாதுன்னு எங்க மாமியா சொல்லும், எனக்கும் நேத்து அது நெனப்புக்கு வரலையே. நாங்க கோழிப்பேன்னுதான் சொல்வோம், எல்லாத்துக்கும் ஒரே பேரு. மண்ணெண்ணெய்யைத் துணியில நனைச்சுக் கோழி மேல தடவு, ஒரே நாள்ல ஓடிப்போகும்.

#21 | கால்நடை_நாலாமாண்டு | ஞாயிறு காலை 6.50

ஆத்தா, மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். தோல் வெந்துபோகும், மூக்கால் இழுத்தால் நுரையீரல் போய்விடும், ஏற்கெனவே ரத்தம் இல்லாத கோழி. தவிர, செள்ளு இப்போது கோழி மேல் இல்லை.

அக்கா, பெட்டியை எரிக்க முடிந்தால் எரித்துவிடுங்கள். மரத்தில் இதை முழுதாக ஒழிப்பது பெரும்பாடு. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பெரிய செள்ளு ஆக ஒரு வாரம் போதும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் இடுக்கில் காத்துக்கிடக்கும், அதனால் காலியாகப் போட்டுவைத்தால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். தரை, சுவர், சன்ஷேடு எல்லாம் கொதிநீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் காயவிடுங்கள். மாட்டு உண்ணிக்கு அடிக்கிற டெல்டாமெத்ரின் வகை மருந்தை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்கிற அளவில் கலந்து, சுவரிலும் இடுக்கிலும் மட்டும் அடியுங்கள், காய்ந்த பிறகுதான் கோழி அந்தப் பக்கம் போக வேண்டும். ஏழாம் நாள் திரும்ப ஒரு தடவை, பதினாலாம் நாள் இன்னொரு தடவை. முதல் தடவையில் முட்டைகள் தப்பிக்கும், அதற்குத்தான் இது. நாய்க்குப் போடுகிற சொட்டு மருந்தை யாராவது சிபாரிசு செய்தால் வாங்காதீர்கள், முட்டை சாப்பிடுகிற வீடு உங்களுடையது.

தம்பியைத் தோல் மருத்துவரிடம் காட்டி, கோழிச் செள்ளு என்று சொல்லிவிடுங்கள். இது மனிதர் மேல் குடியிருக்காது, கடித்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள்.

#22 | நாமக்கல்லார் | ஞாயிறு காலை 7.30

ரத்தம் ஏற வேண்டும், அதற்கு ஒன்று: தினமும் ஆட்டு ஈரல் ஒரு துண்டு, வேகவைத்துப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். முருங்கைக்கீரையும் கொடுங்கள். டானிக்கில் இரும்புச்சத்து இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். இறகு நன்றாக முளைத்துத் தெம்பு வந்த பிறகு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. எட்டு வாரம் தாண்டிய கோழிக்குக் கால்நடை மருந்தகத்திலேயே போடுவார்கள், பிப்ரவரியில் முகாமும் வைப்பார்கள். இப்போது வேண்டாம், நோஞ்சான் கோழிக்கு ஊசி போட்டால் எதிர்ப்பு சரியாக உருவாகாது.

புதுக் கூண்டுக்கு மரமே வேண்டாம். பிளாஸ்டிக் கிரேட்டும் ஒரு இரும்புக் குழாயும் போதும். குழாய் ஸ்டாண்டின் நாலு காலையும் பழைய எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் எறும்பு ஏறாமல் இருக்கப் பலகார அலமாரிக்குச் செய்வார்களே, அதே வேலைதான். ஸ்டாண்டு சுவரைத் தொடக் கூடாது, தொட்டால் அந்த வழியாக ஏறிவிடும். மூலையில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு தட்டில் வையுங்கள், அது புரளும்.

#23 | கொங்குச்சேவல் | ஞாயிறு காலை 8.15

நான் சொன்னது தப்பாகிவிட்டது அக்கா, மன்னிக்கணும். குளியலறைதான் குணமாக்கியது, நான் என் உருண்டைக்கு மாலை போட்டுக்கொண்டேன். எங்கள் கொட்டகையும் மரச்சட்டம்தான். ராத்திரி துணியோடு போய்ப் பார்க்கப் போகிறேன், கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

#24 | பேச்சிப்பாறைக்காரன் | ஞாயிறு காலை 9.00

ஒரு சந்தேகம். ரத்தசோகைக்குச் செள்ளு மட்டும்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? பழைய மக்காச்சோளம், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு தின்றாலும் கொண்டை வெளுக்கும், எடை குறையும். தீனியையும் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்.

#25 | ரோஸ்வீட்டுக்காரி | ஞாயிறு காலை 10.10

நல்ல கேள்விதான். மூட்டையை மாற்றிவிடுகிறேன், பழையதில் அடியில் கொஞ்சம் கட்டி பிடித்திருந்தது உண்மை. பெட்டியை இவர் உடைத்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். ராட்சசக் குண்டானில் தண்ணீர் கொதிக்கிறது. வீட்டு உரிமையாளர் மாடியில் என்ன விசேஷம் என்று கேட்கிறார்.

#26 | ரோஸ்வீட்டுக்காரி | அடுத்த சனி இரவு 9.00

ஒரு வாரக் கணக்கு. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, மருத்துவர் பார்த்தார், செள்ளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். சுவருக்கு மருந்து அவர் சொன்ன அளவில்தான் அடித்தோம், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். இப்போதைக்கு முட்டையே இல்லை என்பது வேறு விஷயம்.

எடை 1.3. கொண்டை இன்னும் வெளிர்தான், ஆனால் நுனியில் கொஞ்சம் ரோஸ் தெரிகிறது. ஈரல் வாங்கக் கறிக்கடைக்காரரிடம் "ஒரே ஒரு துண்டு போதும்ணா, கோழிக்கு" என்றேன். மூன்றாம் நாளிலிருந்து காசு வாங்குவதில்லை. பையனுக்குத் தடிப்பு அடங்கிவிட்டது. இரும்புக் குழாயில் முதல் ராத்திரி ஏறவே இல்லை, கிரேட்டை மூன்று தடவை சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு மூலையாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. நான் தூக்கி விடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒன்பதரைக்குத் தானாக ஏறியது.

#27 | நாமக்கல்லார் | அடுத்த சனி இரவு 9.20

சந்தோஷம் அம்மா. பதினாலாம் நாள் மருந்தை மறந்துவிடாதீர்கள், கோழி தேறியதும் எல்லோரும் மறப்பது அதைத்தான். அப்புறம் வாரம் ஒரு ராத்திரி வெள்ளைத் துணி.

#28 | குழம்புராசா | அடுத்த சனி இரவு 9.45

நானும் தினம் வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோழிக்கு ஈரல் வாங்கிப் போடுகிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன். முட்டை ஆரம்பித்ததும் சொல்லுங்கள் மேடம்.

#29 | கொங்குச்சேவல் | அடுத்த ஞாயிறு காலை 7.00

எங்கள் கொட்டகையில் துணி சிவந்துவிட்டது. சட்டத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். 22 கோழி, எல்லாம் மூன்று நாளாக வேப்பமரத்தில் அடைகிறது.

#30 | ரோஸ்வீட்டுக்காரி | நாலாவது வாரம், வியாழன் மாலை 4.30

எடை 1.48. மூன்று தடவை மருந்தும் முடிந்தது, நேற்று ராத்திரித் துணி வெள்ளையாகவே வந்தது. இன்று மதியம் துவைக்கப் போட்டிருந்த பள்ளிச் சீருடைக் கூடைக்குள் உட்கார்ந்து முட்டை வைத்திருக்கிறது, சின்னது, ஓட்டில் பொட்டு இல்லை. மருத்துவர் சொன்ன நாள் கணக்கு முடியாததால் மண்ணில் புதைத்தோம், பையன் மூன்றாவது முட்டை தனக்கு என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான்.

ஒரு விஷயம். புறா மறுபடியும் சன்ஷேடில் குச்சி கொண்டுவந்து வைக்கிறது. வலை கட்டினால் உள்ளே மாட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது, ஆணிப்பட்டை வைக்க மனசு வரவில்லை. அதற்குத் தனியாக இன்னொரு இழை போடுகிறேன், அங்கே வாருங்கள்.